முத்திரை இல்லாத எட்டு நாள்

பூச்சோங்
9 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை உர்சுலா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனதில்தான் எல்லாம். நீயும் அண்ணியும் ஏமிக் குட்டியும் சுகமா? வின்னிபெக்கில் பனி குறைந்ததா?

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் இனி மின்னஞ்சலில் கடிதமாக எழுதப் போகிறேன். கடிதத்தை முழுதாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

"மூன்று மாதத்தில் கனடா கூப்பிட்டுவிடும், வேலையை விடு, வீட்டைக் காலி பண்ணு" என்று சொன்னது யார்? கிள்ளானில் பார்த்த தாதி வேலையை விட்டேன். அம்மா இருந்து இறந்த பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது என்னோடு வேலை பார்த்த லோகேஸ்வரி வீட்டு ஸ்டோர் ரூமில் படுத்துக் கிடக்கிறேன். தலைமாட்டில் அவளுடைய அரிசி மூட்டை, கால்மாட்டில் தீபாவளிக்கு மட்டும் இறங்கும் அண்டா. அவள் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமல் இருக்கிறாளே என்றுதான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இணையத்தில் என் விசா மனுவைப் பார்த்தால் மருத்துவப் பரிசோதனை முடிந்தது, கைரேகை முடிந்தது. பாதுகாப்புச் சோதனை மட்டும் "நடந்துகொண்டிருக்கிறது". எங்கே நடக்கிறது, எவ்வளவு தூரம் நடந்தது என்று சொல்ல ஆள் இல்லை. பத்து வருடத்தில் மலேசியாவை விட்டுக் கால் வெளியே வைத்த ஒவ்வொரு தடவையையும் எழுதச் சொன்னார்கள். சிங்கப்பூருக்குப் போவதை வெளிநாட்டுப் பயணம் என்று நம்மில் யார் நினைத்தோம்? ஜொகூரில் இருந்த வருடம் பூ வாங்கக்கூடப் பாலத்தைத் தாண்டியிருக்கிறேன். அதையும் எழுதினேன். தாய்லாந்தின் ஹட்யாய்க்குப் பஸ்ஸில் போய் ஒரே நாளில் திரும்பியதையும் எழுதினேன். மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?

அங்கே எனக்கு வேலை தருவதாகச் சொன்ன முதியோர் இல்லத்து மேலாளரிடம் என் வேலையை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லி வை. அண்ணிக்கு என் அன்பு, ஏமிக்கு முத்தம்.

உன் தங்கை
உர்சுலா


வின்னிபெக்
11 மார்ச் 2024

அன்புத் தங்கை உர்சுலாவுக்கு,

அண்ணன் வாலண்டைன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே மூவரும் நலம். பனி குறையவில்லை, ஏமிக்குச் சளி.

நீ எப்போதும் அவசரக்காரி. கஞ்சி ஆறுவதற்கு முன்னே வாயில் ஊற்றிக்கொண்டு அம்மாவைத் திட்டுகிற ஆள். இது அரசாங்க வேலை, ஆகும் போதுதான் ஆகும். மேலாளரிடம் பேசினேன், இந்த வருடம் முடியும் வரை காத்திருப்பதாகச் சொன்னார். இங்கே கீழ்த்தளத்தில் உனக்கு அறை தயார். உன் அண்ணி புனிதா திரைச்சீலை தைத்து மாட்டிவிட்டாள். ஒவ்வொரு நாளும் இணையத்தைத் திறந்து பார்க்காதே, பார்த்தால் வேகமாக நடந்துவிடாது.

குடியுரிமைத் தேர்வில் நான் தேறிவிட்டேன். உறுதிமொழி எடுக்கக் கூப்பிடுவார்கள். நவம்பர் என்கிறார்கள்.

அது சரி, 2017-க்கு என்ன எழுதினாய்? நாம் அம்மாவைக் கூட்டிப் போனதைக் கேட்கிறேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

லோகேஸ்வரி குடும்பத்தைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்
வாலண்டைன்


பூச்சோங்
12 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஏமிக்குச் சளி என்றதும் கவலையாக இருக்கிறது. ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி மோந்து பார்க்கச் சொல். இங்கே நான் நலம்.

2017-க்கு நடந்ததைத்தான் எழுதினேன். ஜோர்டானில் இறங்கினோம், பாலம் தாண்டி இஸ்ரேலுக்குள் போய் எருசலேமிலும் பெத்லகேமிலும் எட்டு நாள் இருந்தோம், திரும்ப ஜோர்டான் வழியாக வந்தோம். வேறு என்ன எழுதுவது?

நம் கடப்பிதழ் அந்த ஒரு நாட்டைத் தவிர மற்ற எல்லா நாட்டுக்கும் செல்லும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது, தெரியும். அதற்காகத்தானே நம் யாத்திரைக் குழுத் தலைவர் உள்துறை அமைச்சில் எல்லோருக்கும் திருயாத்திரை அனுமதி வாங்கினார். அங்கேயும் கடப்பிதழில் குத்தாமல் துண்டுச் சீட்டில்தானே குத்திக் கொடுத்தார்கள். திருடிக்கொண்டா போனோம்? அம்மா அந்தச் சீட்டை ஜெபப் புத்தகத்தில் வைத்திருந்ததும், அதை அப்படியே அவள் பெட்டியில் வைத்துப் புதைத்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும்.

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டதாகச் சொன்னாய். தெரிந்துகொண்டாயா?

உர்சுலா


வின்னிபெக்
30 ஏப்ரல் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். வேலை அதிகம், கிடங்கில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், அதனால் எழுத முடியவில்லை. பனி உருகி வாசலெல்லாம் சேறு. ஏமி நடனம் கற்றுக்கொள்கிறாள்.

உன் விஷயத்தை யோசித்தேன். நீ அந்த நாட்டின் பெயரை எழுதியிருக்கக் கூடாது. கடப்பிதழ் செல்லாது என்று சொல்கிற நாடு, கடப்பிதழில் முத்திரையும் இல்லை. பார்க்கிற அதிகாரி என்ன நினைப்பான்? இவள் எப்படிப் போனாள், யார் அனுப்பினார்கள் என்றுதான் நினைப்பான். அதனால்தான் உன் கோப்பு கிடக்கிறது. பெயர் தவறாக விழுந்துவிட்டது, ஜோர்டானில் மட்டும்தான் இருந்தேன் என்று ஒரு திருத்தம் எழுதி அனுப்பு. ஒரு வரி போதும்.

நான் சொல்வதைக் கேள். இதில் உன்னைவிட எனக்கு அனுபவம் உண்டு.

அண்ணன்
வாலண்டைன்


பூச்சோங்
21 மே 2024

அண்ணனுக்கு,

சுகமா என்று கேட்கிறேன், வழக்கத்துக்காக.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதினால் வாய்க்கு வந்தபடி எழுதிவிடுவேன் என்று மூன்று வாரம் பொறுத்திருந்தேன். அம்மா வாழ்நாள் முழுதும் கேட்ட ஒரே ஆசை அது. எருசலேம் கோயிலுக்குள் கல்வாரிக்கு ஏறும் அந்தச் செங்குத்துப் படியில் அவளால் முடியாமல் நின்றபோது, பின்னால் வரிசை முழுக்க முணுமுணுத்தபோது, அவளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மேலே ஏறியவன் நீ. அது தவறாக விழுந்துவிட்ட பெயர் என்று என்னை எழுதச் சொல்கிறாயா? எழுத மாட்டேன்.

இப்போது கேள். நேற்று கனடா விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. உன் கடப்பிதழ் செல்லாத நாட்டுக்குள் எப்படிப் போனாய், எட்டு நாளும் எங்கே தங்கினாய், யாரைச் சந்தித்தாய், உன்னோடு வந்தவர்கள் யார், அவர்கள் உனக்கு என்ன உறவு, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஆதாரமும் வேண்டுமாம். ஜூன் பதினெட்டுக்குள் பதில் போகவில்லை என்றால் கோப்பை மூடிவிடுவார்கள். மாதக்கணக்காக அவர்கள் என்னைக் காக்க வைக்கலாம், நான் மட்டும் ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் தேட வேண்டும்.

என்னுடைய துண்டுச் சீட்டில் மை வெளுத்துப் போய் வெறும் தாளாக இருக்கிறது. குழுத் தலைவர் இறந்துவிட்டார், அனுமதிக் கடிதம் யாரிடம் என்று தெரியவில்லை. உன்னிடம் உன் சீட்டு இருக்கிறதா? தங்கிய விடுதிகளின் பெயர் ஞாபகம் இருக்கிறதா? உடனே எழுது. உன் பெயரையும் முகவரியையும் நான் போட வேண்டும்.

உர்சுலா


பூச்சோங்
6 ஜூன் 2024

அண்ணனுக்கு,

என் கடிதம் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. போன் போட்டால் எடுக்கவில்லை. அண்ணியிடம் பேசினேன். நீ வேலையில் இருக்கிறாய் என்றார். அங்கே அப்போது காலை ஐந்து மணி, பின்னால் நீ இருமுவது எனக்குக் கேட்டது. அண்ணிக்குப் பொய் சொல்ல வராது, பாவம், அவரை ஏன் இதில் இழுக்கிறாய்?

நான் மக்கு இல்லை, அண்ணே. மார்ச்சில் 2017-ஐப் பற்றி நீயாகக் கேட்டாய். பிறகு ஒன்றரை மாதம் பேச்சில்லை. பேசியபோது பொய் எழுதச் சொன்னாய். இப்போது உன் பெயரைப் போடப் போகிறேன் என்றதும் மறுபடியும் பேச்சில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ கனடா போக மனுப் போட்டபோது அந்த எட்டு நாளுக்கு என்ன எழுதினாய்?

உர்சுலா


வின்னிபெக்
8 ஜூன் 2024

உர்சுலா,

ஜோர்டான் என்று எழுதினேன். எட்டு நாளும் ஜோர்டான்.

அப்போது கோலாலம்பூரில் ஓர் ஏஜென்ட்டிடம் போனேன். முத்திரை இல்லாத நாட்டை எழுதினால் கேள்வி வரும், எழுதாவிட்டால் கேள்வியே வராது என்றான். எனக்குச் சரியென்று பட்டது. ஏழு மாதத்தில் விசா வந்தது. அதற்குப் பிறகு அதை நான் நினைக்கவே இல்லை. குடியுரிமைக்குப் போட்டபோதும் மாற்றவில்லை. மாற்றினால் முன்னால் எழுதியது பொய்யாகிவிடும்.

உன் பதிலில் என் பெயர் இருந்தால் இரண்டு கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். உண்மையை மறைத்தது தெரிந்தால் கொடுத்த குடியிருப்பு உரிமையையே ரத்து செய்து எங்களைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் உண்டாம். வீட்டுக் கடன் இருக்கிறது. ஏமிக்கு மலேசியா எந்தப் பக்கம் என்றே தெரியாது.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உன் இஷ்டம். என் சீட்டை ஜோர்டான் விமான நிலையத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலண்டைன்


பூச்சோங்
12 ஜூன் 2024

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். லோகேஸ்வரியின் நல்ல கண்ணாடிக் கிண்ணம் ஒன்று உடைந்தது. அவள்தான் கூட்டி அள்ளிவிட்டுத் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

எரிச்சல் எதற்குத் தெரியுமா? பொய் சொன்ன உனக்கு ஏழு மாதம். உள்ளதைச் சொன்ன எனக்கு ஸ்டோர் ரூம். அதைக்கூட விட்டுவிடுகிறேன். மார்ச்சிலேயே சொல்லியிருந்தால் இருவரும் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். என் இஷ்டம் என்கிறாய். என் இஷ்டத்துக்கு விட்டால் நான் என்ன செய்வேன் என்று உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனால்தான் விடுகிறாய்.

அதையும் செய்து பார்த்தேன். அம்மாவும் நானும் மட்டும் போனோம் என்று பதில் எழுதிவிட்டேன். ஆதாரம் வேண்டுமே. விடுதி ரசீது இல்லை, சீட்டு இல்லை. இருப்பது ஒரே ஒரு படம், கல்வாரிப் படியில் குழுத் தலைவர் எடுத்தது. உன் கையில் அம்மா. பின்னால் அவள் செருப்பையும் தண்ணீர் போத்தலையும் பிடித்துக்கொண்டு நான். சுவரில் அந்தக் கோயிலின் விளக்குகள் தெளிவாக விழுந்திருக்கின்றன. இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

உன்னை வெட்டி எடுக்கப் பார்த்தேன். போனிலேயே வெட்டலாமே. உன்னை வெட்டினால் அம்மா அந்தரத்தில் தொங்குகிறாள். முகத்தை மட்டும் வெட்டினால் கை இருக்கிறது. கையை வெட்டினால் அம்மாவில் பாதி போய்விடுகிறது.

லோகேஸ்வரியிடம் காட்டினேன். "அங்க கூலிக்குத் தூக்குற ஆளுன்னு எழுதிடுலா, யாருக்குத் தெரியப் போவுது" என்றாள். பிறகு அவளே படத்தை வாங்கி இன்னொரு தடவை பார்த்தாள். "வேணாம். கூலிக்காரன் கழுத்தை எந்த அம்மாவும் இப்படிக் கட்டிக்க மாட்டாங்க" என்றாள்.

அதனால் பதிலும் அனுப்பவில்லை, படமும் அனுப்பவில்லை. பதினெட்டாம் தேதி வந்து போகட்டும். கோப்பை மூடட்டும். எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று மேலாளரிடம் சொல்லிவிடு. அண்ணியிடம் திரைச்சீலைக்கு நன்றி சொல்.

படத்தை இதோடு அனுப்புகிறேன். உன்னிடம் பிரதி இருக்கிறதா என்று தெரியவில்லை. இல்லாமல்தான் இருக்கும்.

உர்சுலா


வின்னிபெக்
15 ஜூன் 2024

அன்புத் தங்கைக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். படித்து முடிக்கும் வரை எழுந்து போகாதே.

படத்தை ஏமிதான் முதலில் பார்த்தாள். பாட்டி ஏன் உங்களை இப்படிப் பிடித்திருக்கிறார், பயமா என்று கேட்டாள். பயம்தான் என்றேன். படி அவ்வளவு செங்குத்து, கல்லெல்லாம் வழுக்கல். அம்மா கண்ணை மூடிக்கொண்டு என் காதுக்குள், "விட்டுறாதடா வாலு, விட்டுறாத" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னால் நின்ற உனக்கு அது கேட்டிருக்காது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஏமியிடம் சொன்னேன். பிறகு என்னால் அந்தப் பக்கம் நிற்க முடியவில்லை, கார் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டேன். அவர்களாகக் கேட்காத வரை வாயைத் திறக்காதே என்றார். நேற்று நானே குடிநுழைவு அலுவலகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். ஜோர்டான் என்று எழுதியது பொய், அம்மாவோடும் தங்கையோடும் எருசலேம் போனேன் என்று எழுதினேன். படத்தையும் முழுதாக இணைத்தேன். உறுதிமொழி இனி நவம்பரில் இருக்காது. வேறு என்ன நடக்கும் என்று தெரியாது. புனிதா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. பேசுவாள்.

என் பெயரைப் போடு. முகவரி உனக்குத் தெரியும். அம்மாவின் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போட மறக்காதே. பெத்லகேமில் தங்கியது கன்னியர் மடத்து விடுதி, வாசலில் மாதுளை மரம் நின்றது. பெயர் ஞாபகம் இல்லை, மரத்தையாவது எழுது.

இன்றே அனுப்பு.

அண்ணன்
வாலண்டைன்


செந்தூல்
15 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு, அண்ணிக்கு, ஏமிக் குட்டிக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். மூவரும் நலமாக இருக்க ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்கிறேன். அண்ணி போன வாரம் உன்னைப் பற்றி என்னிடம் பத்து நிமிடம் குறை சொன்னார். மனம் லேசானது. உன்மேல் கோபம் போனால்தான் அவருக்குக் குறை சொல்ல வரும்.

என் விசா வந்துவிட்டது. வந்த நேரத்தைப் பார். கெஞ்சியபோது வராதது, வேண்டாம் என்று விட்டபோது வருகிறது. மாதுளை மரத்தை எழுதினேனே, அதுதான் வேலை செய்திருக்கும் என்கிறாள் லோகேஸ்வரி. ஏப்ரல் முடிவதற்குள் நான் அங்கே வந்து இறங்க வேண்டும். மேலாளரும் அதுவரை காத்திருப்பதாக எழுதியிருக்கிறார்.

உனக்கு வந்த விளக்கம் கேட்கும் கடிதத்தை நீ அனுப்பியதும் நாலு தடவை படித்தேன். நீ பதில் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது உன் கோப்பிலும் "நடந்துகொண்டிருக்கிறது" என்றுதான் இருக்குமே. ஒவ்வொரு நாளும் திறந்து பார்க்காதே, பார்த்தால் வேகமாக நடந்துவிடாது. இதைத் திருப்பிச் சொல்ல மார்ச்சிலிருந்து காத்திருந்தேன். சொல்லும்போது சந்தோஷமாக இல்லை.

மேலே செந்தூல் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பாய். இரண்டு அறை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துவிட்டேன். பழைய வேலையிலும் திரும்பச் சேர்ந்துவிட்டேன். ஸ்டோர் ரூம் பெட்டிகளை எல்லாம் பிரித்தாயிற்று. "விசா கைக்கு வந்த பிறகு எவளாச்சும் வீடு எடுப்பாளா? உனக்கு என்ன பைத்தியமாலா?" என்று லோகேஸ்வரி கத்தினாள். அப்புறம் அவளே லோரி பேசி, அண்டாவையும் ஏற்றிவிட்டாள், மூன்று பேர் கூட வந்தால் சோறு வடிக்க வேண்டுமாம்.

நீ தப்பித்துவிட்டாய் என்று ஏப்ரலுக்குள் சொல்லிவிட்டார்கள் என்றால், சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு நான் வந்துவிடுவேன். சொல்லவில்லை என்றால் விசா போகட்டும், நான் வரப் போவதில்லை. என்னைத் திட்டாதே, இதில் பேச ஒன்றும் இல்லை. நீங்கள் மூவரும் பெட்டியோடு வந்து இறங்கினால் விமான நிலையத்தில் நிற்க நம் வீட்டு ஆள் ஒருத்தியாவது வேண்டும். பெரிய அறையை உங்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஏமிக்கு ஜன்னலோரக் கட்டில். திரைச்சீலை மட்டும் மாட்டவில்லை, அண்ணி அளவுக்கு எனக்குத் தைக்க வராது.

படத்தைப் பெரிதாக்கி நடு அறையில் மாட்டியிருக்கிறேன். எதையும் வெட்டவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்துவிட்டுத்தான் போகிறேன். அம்மா இன்னும் உன் கழுத்தை விடவில்லை.

உன் தங்கை
உர்சுலா